ஒரு பக்கம் முடியும் வரை

"அப்பா காலமான பிறகு வீட்டைக் காலி செய்தபோது பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்றும் நாற்பது ஐம்பது இசைத்தட்டுகளும் கிடைத்தன. எல்லாப் பாட்டும் போனிலேயே இருக்கும்போது இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வைத்துக்கொள்வதானால் எதைக் கேட்கலாம்? உங்களுக்குப் பிடித்த தட்டுகள் எவை?" என்பது கேள்வி. கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்லப்போகிறேன். அதுவரை பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.

முதலில் ஒரு பொய்யைக் கழித்துவிடுவோம். ரெக்கார்டில் கேட்டால் சத்தம் தேனாக ஓடும், டிஜிட்டலில் உயிரே கிடையாது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதை நம்பி உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். நம் ஊர்த் தட்டுகளில் பல, கடையிலிருந்து வந்த அன்றைக்கே பொரிந்தவை. அப்புறம் முப்பது வருடம் பரணில் பூசணம் பிடித்துக் கிடந்திருக்கும். முள்ளை வைத்தால் பாட்டுக்கு முன்னால் கடுகு தாளிக்கிற சத்தம்தான் வரும். சுத்தமான ஒலிதான் வேண்டுமென்றால் போனும் ஒரு நல்ல ஹெட்போனும் போதும், காசும் மிச்சம்.

நான் காரைக்குடியில் இருக்கிறேன். முப்பது வருடமாகத் தட்டு சேர்க்கிறேன். இந்த ஊரில் அது பெரிய சாதனை இல்லை. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில், இடிக்கிற வீடுகளிலிருந்து வரும் கதவு, தூண், பீங்கான் ஜாடிகளோடு தட்டுகளும் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். இன்னொரு பழைய உறவும் உண்டு. ஏ.வி.எம். என்று பிறகு நாடறிந்த மெய்யப்பச் செட்டியார் இந்த ஊர்க்காரர். இங்கே குடும்பக் கடையில் இசைத்தட்டு விற்றவர், 1930களில் சென்னைக்குப் போய்ப் பங்காளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்று தொடங்கி, தாமே தட்டுகளைப் பதிவு செய்து வெளியிட்டார். படம் எடுத்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சரி, சத்தத்துக்காக இல்லையென்றால் எதற்கு? எனக்குக் கிடைத்த பதில், அந்தப் பக்கத்தின் நீளம். எல்பி என்கிற பெரிய, நீண்ட நேரம் ஓடும் தட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும். அந்த இருபது நிமிடத்தில் முள் நானூறு மீட்டருக்கு மேல், தட்டில் சுருளாக வெட்டிய பள்ளத்துக்குள்ளேயே நடந்து நடுவுக்கு வருகிறது. பிடிக்காத பாட்டைத் தாண்ட வேண்டுமென்றால் எழுந்து போய்க் கையால் தூக்கி வைக்க வேண்டும். கை நடுங்கினால் தட்டில் கோடு விழும். அதனால் தாண்டமாட்டீர்கள். உட்கார்ந்திருப்பீர்கள். நாலாவது தடவை கேட்கும்போது, தாண்ட நினைத்த பாட்டுத்தான் அந்தப் பக்கத்திலேயே நல்ல பாட்டு என்று தெரியவரும். எனக்குப் பல தடவை அப்படி ஆகியிருக்கிறது.

இதிலிருந்து இன்னொன்றும் கிளைக்கிறது. தட்டு எவ்வளவு நேரம் ஓடுமோ அந்த அளவுக்குத்தான் பாட்டைத் தைத்தார்கள். அந்தத் தையல் தெரிகிற தட்டுகள்தான் எனக்குப் பிடித்தவை.

78இலிருந்து ஆரம்பிக்கிறேன். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பத்தங்குலத் தட்டு, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சினால் மூன்றரை. வினைல் என்கிற பிளாஸ்டிக் வருவதற்கு முந்தைய சரக்கு அது, அரக்கால் ஆனது. சோட்டா நாகபுரிப் பக்கத்து மரங்களில் பூச்சி வைக்கிற அதே அரக்கைக் கல்மாவோடு பிசைந்து, சூட்டில் அழுத்தி எடுப்பார்கள். கையில் எடுத்தால் கனக்கும், கீழே போட்டால் அப்பளம். இந்தியாவில் வணிகத்துக்காக முதலில் பதிவு செய்தது 1902இல், கல்கத்தாவில். பாடியவர்களில் பேர் பெற்றவர் கௌஹர் ஜான். பாட்டு முடிந்ததும் "என் பெயர் கௌஹர் ஜான்" என்று ஆங்கிலத்தில் கூவி முடிப்பார். அதை ரசிகருக்காகச் சொல்லவில்லை. மெழுகில் பதிந்த மூலம் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவருக்குப் போகும். அங்கே தட்டு அச்சடிக்கிறவருக்கு இது யார் பாட்டு என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான்.

மூன்று நிமிடத்தில் ஒரு ராகத்தை என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நாதஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைக் கேளுங்கள். மேடையில் மணிக்கணக்கில் அந்த ராகத்தை வாசித்தவர். தட்டில் அவருக்கு நேரமில்லை என்பது முதல் மூச்சிலேயே தெரிகிறது; ஆனால் அவசரம் தெரியவில்லை. சுற்றிவளைக்காமல் நேராகக் காந்தாரம் என்கிற ஸ்வரத்தில் போய் நின்று, அங்கிருந்தே ஊரைக் காட்டிவிடுகிறார். கச்சேரியில் மணிக்கணக்கில் வாசித்தபோது அவர் எதையெல்லாம் முக்கியம் என்று நினைத்தார் என்பதற்கு இந்தச் சில நிமிடங்களே சாட்சி. பாடகர் ஜி.என். பாலசுப்ரமணியத்தின் பழைய கல்யாணி ராகத் தட்டு "வாசுதேவயனி"யும் இந்த வகைதான். இளமைத் திமிரோடு பிருகா, அதாவது ஸ்வரங்களின் அதிவேக உருட்டல், ஓட்டமாக ஓடும், முள் பின்னாலேயே துரத்துகிறதோ என்று தோன்றும்.

நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல், முப்பது வயதுகூட ஆகாமல் போய்விட்டார். அவர் பாட்டை நேரில் கேட்டவர்கள் இன்று யாரும் இல்லை. நமக்கு மிஞ்சியது தட்டுகள் மட்டும். அந்தக் காலத்து நாடக மேடையில் மைக் கிடையாது. கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரனுக்கும் கேட்கிற மாதிரிப் பாடிப் பழகிய தொண்டை. பதிவு அறைக்குள் அதை எப்படி அடக்கினார்களோ! "கோடையிலே இளைப்பாற்றிக் கொள்ளும்" விருத்தத்தில் குரல் மேலே ஏற ஏற, பழைய பதிவுக்கருவி தாங்கமுடியாமல் லேசாகக் கரகரக்கிறது. அந்தக் கரகரப்பை நீக்கிச் சுத்தம் செய்த டிஜிட்டல் வடிவத்தையும் கேட்டேன். குரலின் வேகமும் கூடவே போய்விட்டது. இந்த ஓரிடத்தில் மட்டும் தட்டின் பக்கம்தான் என் ஓட்டு.

வீணை தனம்மாள் (1867–1938) வயதான பிறகுதான் பதிவுக்குச் சம்மதித்தார் போலும். சில தட்டுகளே உண்டு. வீணை வாசித்துக்கொண்டே பாடுவார். அந்த மெல்லிய, தளர்ந்த குரலைக் கேட்க மின்விசிறியை நிறுத்த வேண்டும். மே மாதக் காரைக்குடியில் மின்விசிறியை நிறுத்தி மூன்று நிமிடம் உட்காருவது லேசான காரியமில்லை.

எங்கள் வீட்டில் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை நாலைந்து பேர் கூடுவோம். ஆளுக்கு ஒரு தட்டு கொண்டுவர வேண்டும். ஒரே ஒரு பக்கம் போடலாம். முள் தூக்கும் வரை பேச்சு கிடையாது, போனும் கிடையாது. பக்கத்து வீட்டு ஆச்சிக்கு எண்பத்தி மூன்று வயது. தட்டு எதுவும் கொண்டுவரமாட்டார். ஒரு டப்பா நிறைய சீப்பு சீடை கொண்டுவருவார். வந்த முதல் நாள் சீடையை வாயில் போட்டதும் அறை முழுக்கக் கடக்கென்று கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் அதை வாயிலேயே வைத்துக்கொண்டு, பக்கம் முடியும் வரை ஊறவைத்துத் தின்றார். தனம்மாள் தட்டு முடிந்ததும் ஆச்சி சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, இந்த அம்மா நமக்காகப் பாடலப்பா. அதுபாட்டுக்குப் பாடிக்கிட்டிருக்கு. மறுக்கா போடு." ஒரு பக்கம்தான் என்ற விதியை அன்றைக்கு மீறினோம்.

இப்படிப் பகிர்ந்து கேட்பதில் ஒரு சங்கடம் உண்டு, சொல்லிவிடுகிறேன். நீங்கள் உயிராக நினைக்கிற தட்டைப் போட்டு, முடிந்ததும் எதிரே இருப்பவர் "ம், நல்லாருக்கு" என்று காப்பியை எடுத்தால் மனசு விழுந்துவிடும். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் வருவார். அவருக்கு வாய்ப்பாட்டே ஆகாது. நான் போடும் எதற்கும் முகம் மாறாது. அவர் கொண்டுவரும் ஹிந்துஸ்தானி ஷெனாய்த் தட்டுகளுக்கு என் முகமும் மாறாமல்தான் இருந்தது. ஒன்பது மாதம் கழித்து ஒரு மழை நாளில் பிஸ்மில்லா கானுடைய தட்டு ஒன்றைப் போட்டார். அன்றைக்கு எனக்குக் கதவு திறந்தது. அவருக்கு ராஜரத்தினம் பிள்ளை இன்னும் திறக்கவில்லை. காத்திருக்கிறேன்.

எல்பிக்கு வருவோம். 1948இல் அமெரிக்காவில் வந்த வடிவம் இது: நிமிடத்துக்கு 33⅓ சுற்று, மெல்லிய பள்ளம், வினைல். தமிழர் வீட்டு எல்பி என்றால் முதலில் கை போவது 1963இல் வந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதத்துக்குத்தான். உங்கள் அப்பாவின் தட்டுகளிலும் அநேகமாக இருக்கும். கோயில் குழாயிலும் டீக்கடையிலும் ஐம்பது வருடம் கேட்டுக்கேட்டு, அதைப் பாட்டாகவே நாம் கேட்பதில்லை. விடிந்துவிட்டது என்பதற்கான சத்தமாகத்தான் கேட்கிறோம். ஒரு தடவை சாயங்காலத்தில், சத்தத்தைக் குறைத்துப் போட்டுப் பாருங்கள். கூடப் பாடும் ராதா விஸ்வநாதனின் குரல் தனியாகக் கேட்கும். இரண்டு குரலும் ஒரே இடத்தில் மூச்செடுப்பதைக் கவனித்தால், எத்தனை நாள் பயிற்சி அது என்று புரியும். எம்.எஸ்.ஸின் பஜ கோவிந்தத்துக்கு முன்னால் ராஜாஜி ஆங்கிலத்தில் பேசும் முன்னுரை இருக்கிறது. போனில் அதைத் தள்ளிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம், தட்டில் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டால் நல்லதுதான்.

சினிமாத் தட்டுகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவீர்கள். 1950களின் 78 தட்டுகளில் ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு. நீளமான பாட்டு என்றால் பாகம் 1, பாகம் 2 என்று நடுவில் அறுத்துத் தட்டின் இரண்டு பக்கத்திலும் போட்டிருப்பார்கள். அப்புறம் வந்த ஏழங்குல ஈபி, 45 சுற்று, பக்கத்துக்கு இரண்டு பாட்டு. கல்யாண வீட்டு ரேடியோ செட்டுக்காரர்களின் பெட்டியில் இவைதான் நிறைந்திருந்தன, அதனால் இன்று கிடைப்பவை பெரும்பாலும் தேய்ந்தவை. படத்தின் வசனத்தைப் பதிந்த வசனத் தட்டு என்று ஒரு வகையும் உண்டு. 'திருவிளையாடல்' படத்தில் தருமியாக நாகேஷ் புலம்பும் காட்சியைப் படம் பார்க்காதவர்கள்கூட ஒரு வார்த்தை பிசகாமல் சொல்வார்களே, குழாய் கட்டிய தெருக்களில் தட்டு ஓடி ஓடித்தான் அது நாக்கில் ஏறியது. வீட்டில் வசனத் தட்டு போட்டால் மௌன விதியெல்லாம் நடக்காது, ஆளுக்கொரு பாத்திரமாகிவிடுகிறார்கள்.

இளையராஜாவில் எனக்கு இரண்டு உண்டு. 'ப்ரியா' (1978) ஸ்டீரியோவில் பதிவானதற்காகவே அந்தக் காலத்தில் பேசப்பட்ட தட்டு. இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் உட்கார்ந்து, இசை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவதைத் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறோம். இப்போது கேட்டால் அந்தத் தலைதிருப்பல்தான் ஞாபகம் வருகிறது, பாட்டுகள் அப்புறம்தான். இன்னொன்று 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக் (Bach) அவர்களுக்கும் காணிக்கையாகச் செய்தது, வி.எஸ். நரசிம்மனின் வயலின். அதில் 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்' என்று பொருள்படும் ஒரு துண்டு. அதற்கு அடுத்ததன் தலைப்பு, 'அப்புறம் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்'. முன்னதில் பாக்கின் வயலின் இசை அப்படியே ஓட, அதைச் சுற்றி நம் ஆள் கோலம் போடுகிறார். அடுத்ததில் பேச்சு. போனில் கலைத்துப் போட்டுக் கேட்கிறவருக்கு விருந்தாளி வந்தது ஒரு நாள், பேச்சு இன்னொரு நாள். தட்டு அப்படிப் பிரிக்கவிடுவதில்லை.

எல்பியில் ஒரு குறை உண்டு, அதை யாரும் அட்டையில் எழுதமாட்டார்கள். தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் விளிம்பில் முள்ளுக்கு அடியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள்ளே போகப்போகச் சுற்று சிறுத்து, கடைசிப் பாட்டில் 21 சென்டிமீட்டர்தான். அதே பாட்டைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதியிருப்பதால் 'ச', 'ஸ' சத்தமெல்லாம் சீறும். உங்கள் தட்டில் கடைசிப் பாட்டு மட்டும் மோசமாக இருந்தால் பாடியவரையோ பிளேயரையோ திட்ட வேண்டாம்.

இப்போது உங்கள் பிளேயர். எடுத்தவுடன் தட்டு வைத்துவிடாதீர்கள். பழைய பிளேயர்களில் 16, 33, 45, 78 என்று நாலு வேகம் இருக்கும். முள் இருக்கும் தலைப்பகுதியில் ஒரு சின்ன நெம்பு, ஒரு பக்கம் திருப்பினால் எல்பி முள், மறுபக்கம் 78 முள். 78இன் பள்ளம் அகலமானது, எல்பியுடையது அதைவிட மிகக் குறுகியது. எல்பி முள்ளை 78இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் கிடந்து புழுதியைத்தான் வாசிக்கும். 78 முள்ளை எல்பியில் வைத்தால் தட்டு போச்சு. எனக்கு ஒரு பழுதுபார்க்கும் கடையில் இரண்டையும் மாற்றிப் பொருத்திக் கொடுத்துவிட்டார்கள். தெரியாமல் ஒரு வாரம் ஓட்டி நாலு எல்பியை உழுதேன். அன்றிலிருந்து லென்ஸ் வைத்துப் பார்க்காமல் முள்ளை இறக்குவதில்லை.

முள் தாவினால் தலையில் பத்துப் பைசா வைப்பது நம் வீடுகளின் பரம்பரை வைத்தியம். உங்கள் பிளேயரிலும் பசை ஒட்டிய காசு இருக்கலாம். எடுத்துவிடுங்கள். பழைய செராமிக் தலைகள் ஏற்கெனவே நாலைந்து கிராம் கனத்தில் அழுத்துகின்றன. நல்ல மேக்னெட் தலை என்றால் ஒன்றரை, இரண்டு கிராமே போதும். மேக்னெட் தலை உள்ள பிளேயரைப் புதிதாக ஆம்ப்ளிஃபயரில் இணைக்கும்போது சத்தம் தகரமாக, மெலிந்து வந்தால் பயப்பட வேண்டாம். தட்டு வெட்டும்போதே கீழ்ச் சத்தத்தைக் குறைத்து மேல் சத்தத்தைக் கூட்டித்தான் வெட்டுவார்கள், இல்லாவிட்டால் பள்ளம் இடம் கொள்ளாது. 'ஃபோனோ' என்று போட்ட துளையில் மாட்டினால்தான் அது தலைகீழாகத் திருத்தப்பட்டு வரும். ஸ்பீக்கரைப் பிளேயர் இருக்கும் மேசையிலேயே வைக்காதீர்கள், ஊளையிடும்.

தட்டுகளைப் புத்தகம் மாதிரி நிற்கவைத்து அடுக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் நம் வெயிலுக்கு அடித்தட்டு கிண்ணமாகிவிடும். பூசணம் பிடித்த எல்பியை, காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெத்தென்ற துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். நடுவிலிருக்கும் லேபிள் நனையக் கூடாது. பிடிவாதக் கறைக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் கொஞ்சம் சேர்க்கலாம். இது எல்பிக்கு மட்டும். 78இல் ஆல்கஹால் பட்டால் அரக்கு கரைந்து பாட்டு உங்கள் துணியோடு வந்துவிடும்.

கழுவிக் காயவைத்த பிறகு, ஜன்னலோரம் எடுத்துப்போய் ஒவ்வொரு தட்டையும் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அதிகம் ஓடாத தட்டு கருகருவென்று மின்னும். ஓடி ஓடித் தேய்ந்தது சாம்பல் பூத்திருக்கும். சில தட்டுகளில் ஒரே ஒரு பாட்டு இருக்கும் பட்டை மட்டும் வெளுத்திருக்கும், மற்றவை புதுசாக இருக்கும். உங்கள் அப்பாவின் தட்டுகளில் எது மிகவும் வெளுத்திருக்கிறதோ அதை முதலில் போடுங்கள். சத்தம் மோசமாகத்தான் வரும்.